கால் மில்லிமீட்டர்

தடைக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள்.
முங்குகிற கண்ணாடியின் தடம் கண்ணைச் சுற்றி
இன்னும் வெளிறித்தான் கிடக்கிறது.
அதற்குக் கீழே இரு கன்னத்திலும்
பதினாறு வயதில் நானே கிள்ளிக் கிள்ளி வைத்த குழிகள்.
நண்டு வளை என்பான் சவரிமுத்து.
கட்டிக்கொண்டதும் அவன்தான்.

வேலை நாளில் இதை நினைக்க முடியாது.
சின்னப்பாலத்தில் இருட்டோடு வள்ளம் ஏறி
குருசடைத்தீவுப் பக்கம்,
வனத்துறைப் படகு கண்ணில் படுவதற்குள்
மரிக்கொழுந்துப் பாசிக்கு மூச்சடக்கி முங்கி
தலை தூக்கும்போது உச்சி வெயில்.
வெயிலும் உப்பும் ஆகாது என்று எழுதிய சாமானை
எங்கள் தெருவில் யார் வாங்குவார்கள்?

நான் வாங்கினேன்.
கடலுக்கு நாங்கள் லீவு விட்ட நாட்களில்
முகத்துக்குக் கொஞ்சம் வேலை.

"ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கு, சீக்கிரம் பலிக்கும்"
என்றார் உச்சிப்புளிக் கடைக்காரர்.
கால் போதும் என்றேன்.
அதற்கு மேல் ஆழம் டாக்டர் கைக்கு.
ஆழத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்,
மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் முங்க வேண்டும்.

சிப்பி கீறும். பவளப்பாறை கீறும்.
முள்ளெலி குதிகாலில் ஏறி உள்ளேயே உடையும்.
கேட்டுக்கொண்டா குத்துகிறது கடல்?
இது நான் காசு கொடுத்து வாங்கிய குத்து,
கணக்கு என் கையில்.

எவர்சில்வர் கிண்ணத்தில் எழுபது சதவீத ஸ்பிரிட்.
உருளை பத்து நிமிடம் மூச்சடக்கிக் கிடந்தது.
கண்ணாடியில் பார்த்தால் இடது தாடையில் ஒரு பரு,
பழுத்து, என்னையே பார்த்துக்கொண்டு.
எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.
அதன்மேல் உருட்டினால்
சீழை முகமெங்கும் விதைத்த மாதிரி.

ஆறு நாள் கழித்து மறுபடி கிண்ணம்.
கழுவி, ஒற்றி, காயவிட்டு,
மேலிருந்து கீழே. தூக்கு.
பக்கவாட்டில். தூக்கு.
அழுத்தாதே பெண்ணே, செதிலா உரிக்கிறாய்?
ரத்தம் வரவில்லை, வந்தால் நிறுத்துவதாக இருந்தேன்.
"அவிச்ச இறால்" என்றான் எட்டிப் பார்த்த சவரிமுத்து.

நாத்தனார் துபாயிலிருந்து வெளுக்கிற கிரீம் அனுப்பியிருந்தாள்.
எதிர்வீட்டில் எலுமிச்சம்பழம் சொன்னார்கள்.
கதவு ஐந்நூறு திறந்து கிடக்கும்போது
கண்டவனையும் உள்ளே விடுவதா?
வாசனையில்லாத களிம்பு மட்டும் தடவி
மூன்று நாள்
தண்ணீர் லாரிக்குக்கூட முந்தானையை இழுத்துவிட்டுப் போனேன்.
புருஷன் அடித்துவிட்டான் என்று ஊர் பேசியது.
மறுக்க மறந்துவிட்டேன், இரண்டு நாள்.
நண்டு வளைக்கு அது சரியாகப் போயிற்று.

பனிமயம் வந்தாள்.
"ஒரே ஒரு தடவை குடுடி."

ஒரு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு
முங்கியிருக்கிறோம் அவளும் நானும்.
ஒரே தூக்குவாளிக் கஞ்சி.
அவள் தவணை தவறிய மாதம்
குழுக்கடன் நோட்டில் என் கையெழுத்து.
இல்லை என்றேன்.
"அதான் ஸ்பிரிட்டுல முக்குறியே."
கண்ணுக்குத் தெரியாமலும் ரத்தம் வரும்டி,
உன்னோடது எனக்கு வேண்டாம், என்னோடது உனக்கு.
சொன்ன பிறகுதான்
அது எப்படிக் காதில் விழும் என்று தெரிந்தது.
செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறைதான்.
மொத்தம் இரண்டு.

தடை முடிந்து முதல் வள்ளம்.
குழிகள் இருக்கின்றன.
ஓரம் கொஞ்சம் மழுங்கியிருக்கலாம்,
அல்லது வெயிலில்லாத இரண்டு மாதம் செய்த வேலையாக இருக்கலாம்.
எதிர்ப்பலகையில் பனிமயம்
விரல்களுக்குத் துணி சுற்றியபடி
என் கன்னத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.
"நானும் ஒண்ணு வாங்கிட்டேன். ரோஸ் கைப்பிடி."
எத்தனை மில்லிமீட்டர் என்றேன்.
"உன்னோடதுதான்."
ஸ்பிரிட் எழுபது கேட்டு வாங்கு,
நாளைக்கு முங்குகிற நாளென்றால் உருட்டாதே என்றேன்.

தலையாட்டினாள்.
கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்து
கடல்நீரில் அலசி
தானே மாட்டிக்கொண்டாள்.
என் பக்கம் நீட்டவில்லை.